அகல்யாபாய் அம்மையார் புரிந்த நீரறம்

அறங்கள் பலவற்றுள்ளும் தண்ணீரறத்தை நம் முன்னோர் தலையாயதாக மதித்தனர். ஊருணி தோண்டுதல், வழிநடைப் பாதையிற் கிணறு எடுத்தல், கோடையில் தண்ணீர்ப்பந்தல் வைத்தல், ஆடுமாடுகளுக்குக் கற்றொட்டி அமைத்தல் ஆகிய இவையெல்லாம் செல்வர்க்கேயன்றி எளியார்க்கும் இயன்ற அறங்களாயிருந்தன. எம் ஊரிலும் அங்ஙனம் தோன்றிய ஊருணி ஒன்றுண்டு. வானம் பெய்தாலன்றி அதற்கு வேறு நீர்வரவு இல்லை. தலைக்கட்டு வரி பிரித்து, கூலி கொடுக்க இயலாதார் மண் சுமந்து, நான்கு தலைமுறைக்கு முன் ஊரார் அதனைத் தோண்டினர். சென்ற ஆண்டு அதன் கரையில், நன்கொடை அளித்தோர் பெயர்களைப் பொறித்த அழகிய வளைவு ஒன்று எழுந்தது. ஊருணியின் உள்ளே இடுப்பளவு படிந்துள்ள வண்டல் மட்டும் அப்படியே கிடக்கின்றது. அவ்வளைவின் நிழலில் ஒருநாள் நின்றபோது யாம் நினைந்தது, 230 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு மராட்டியப் பெருமாட்டியையே. அவர் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறிதல் நலமென்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

அகல்யாபாய் 1725-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள், மராட்டிய நாட்டுச் சௌண்டி என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் முன்னர் அகமதுநகர் என்றும் இப்பொழுது அகில்யாநகர் என்றும் வழங்கும் மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் மான்கோஜி சிந்தே அவ்வூர்ப் பட்டேல், அதாவது ஊர்த்தலைவர். ஆடு மேய்த்து வாழும் தங்கர் மரபினர் அவர்கள். பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தல் அரிதாயிருந்த அந்நாளிலேயே தந்தையார் தம் மகளுக்கு எழுதப் படிக்கக் கற்பித்தார். சௌண்டி இருக்கும் பகுதி மழை குறைந்த மேட்டுநிலம். ஆடுமேய்ப்பார் குடியிற் பிறந்த குழந்தைக்குத் தண்ணீரின் அருமையைத் தனியே எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அதே மரபிற் பிறந்து, படைவீரராகத் தொடங்கி, மாளவ நாட்டின் பெரும்பகுதிக்குத் தலைவராக உயர்ந்தவர் மல்ஹார் ராவ் ஹோல்கர். அவர் சௌண்டி வழியே சென்றபோது கோயிலிற் பணிசெய்துகொண்டிருந்த சிறுமியைக் கண்டு, தம் மகன் கண்டேராவுக்கு மணம் பேசினார் என்பர். திருமணம் 1733-இல் நிகழ்ந்தது. மருமகளின் கூரிய அறிவைக் கண்ட மாமனார், கணக்கு, கடிதம், படைக்கு வேண்டும் உணவும் மருந்தும் சேகரித்தல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அவரிடம் ஒப்புவித்தார். பீரங்கிப் படையை நடத்தும் முறை பற்றிக்கூட அவருக்குக் கடிதம் எழுதினார். அரசியல் என்பது அம்மையாருக்குப் பின்னர்த் திடீரென வந்து வாய்த்ததன்று.

துன்பம் 1754-இல் தொடங்கிற்று. பரத்பூருக்கு அருகிலுள்ள கும்ஹேர்க் கோட்டை முற்றுகையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கண்டேராவ் மாண்டார். அம்மையார் தீப்புக முற்பட்டார். மாமனார் தம் முதுமையையும் தனிமையையும் எடுத்துக் கூறித் தடுத்தார். 1766-இல் மாமனாரும் மறைந்தார். பட்டத்துக்கு வந்த மகன் மாலேராவ் சித்தம் கலங்கி 1767-இல் இறந்தான். ஓராண்டினுள் இருமுறை இழவு கண்ட அவ்வீட்டில், ஆளும் பொறுப்பு நாற்பத்திரண்டு வயதுடைய ஒரு கைம்பெண்ணிடம் வந்து சேர்ந்தது.

பழைய திவானாகிய கங்காதர் யசுவந்த் சந்திரசூட் என்பார், ஒரு சிறுபிள்ளையைத் தத்தெடுக்கச் செய்து ஆட்சியைத் தாம் நடத்த எண்ணிப் பேஷ்வாவின் உறவினராகிய இரகுநாதராவைத் துணைக்கு அழைத்தார். அம்மையார் படைதிரட்டிப் போருக்கு ஆயத்தமானார். ஒரு பெண்ணை வென்றாற் புகழில்லை, அவளிடம் தோற்றால் இழிவுக்கு எல்லையில்லை என்னும் கருத்துப்பட அவர் விடுத்த ஓலை இரகுநாதராவைத் தயங்கச் செய்தது என்று மராட்டியர் சொல்லிவருகின்றனர். போர் நிகழவில்லை. பேஷ்வா மாதவராவ் அம்மையாரின் உரிமையை ஒப்புக்கொண்டார். படைத்தலைமையைத் துக்கோஜி ஹோல்கர் ஏற்க, குடிகளை ஆளும் பொறுப்பையும் கருவூலத்தையும் அம்மையார் தம் கையில் வைத்துக்கொண்டார். நருமதைக் கரையிலுள்ள மகேசுவரம் தலைநகராயிற்று. கோட்டையினுள் அவர் வாழ்ந்த இல்லம் மரத்தூண்களும் முற்றமும் உடையதோர் எளிய வீடே. அதனை இன்றும் அங்கே காணலாம்.

இனி எம் பொருளுக்கு வருவோம். ஹோல்கர் குடும்பத்தின் பொருள் இருவகைப்பட்டது. ஒன்று அரசுப் பொருள்; அது படைக்கும் ஆட்சிக்கும் உரியது. மற்றொன்று காஸ்கி எனப்பட்டது. தனிச்சொத்து என்பது அச்சொல்லின் பொருள். பேஷ்வா முதலாம் பாஜிராவ் 1734-இல் மல்ஹார் ராவின் மனைவியார் கௌதமாபாய்க்கெனச் சில ஊர்களைத் தனியுரிமையாக அளித்தார். மாமியார்க்குப்பின் அவ்வூர்களின் வருவாய் அகல்யாபாயிடம் வந்தது. அம்மையார் இப்பொருளை நீரிலே துளசியிட்டுத் தாரை வார்த்து அறத்துக்கென ஒதுக்கிவிட்டார் என்று அவர் காலத்துக்குப்பின் மாளவத்தை ஆராய்ந்து 1823-இல் நூல் வெளியிட்ட ஜான் மால்கம் என்னும் ஸ்காட்லாந்தியர் எழுதியுள்ளார். அங்ஙனம் ஒதுக்கிய பொருளை இரகுநாதராவ் கேட்டபோது, அந்தணர் தானம் வாங்குமாறு மந்திரஞ்சொல்லி வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மையார் விடைகொடுத்தாராம்.

இக்கணக்குப் பிரிவினை சிறிதெனத் தோன்றும். ஆயின், அதுவே அவர் அறத்தின் உயிர்நிலை. மன்னர் பலர் குளம் வெட்டினர். அதன் பொருட்டே குடிகளிடம் புதுவரியும் வாங்கினர். அம்மையார் வெட்டிய கிணறுகளுக்கு உழவன் கூடுதலாக ஒரு காசும் கொடுத்தானல்லன். மேலும், கட்டி முடிந்தபின் அவற்றைப் பேணுவதற்கும் அவ்வருவாயிலிருந்தே பணம் சென்றது. தொலைவிலுள்ள அறங்களுக்கு ஆண்டுதோறும் இன்னதொகை என வரையறுத்து அனுப்பினார். தோண்டுங் கூலி ஒருமுறைச் செலவு, தூர்வாருங் கூலி ஆண்டுச் செலவு என்பதை அவர் அறிந்திருந்தார். எம் ஊருணிக்கு வளைவு கட்டிய அன்பர்கள் முன்னதை மட்டுமே அறிவர் போலும்!

அவர் அமைத்த நீர்நிலைகளிற் பலவும் நாட்டு வழக்கிற் பாவடி எனப்படும் படிக்கிணறுகள். அவற்றின் பயன் நம்மவர்க்குப் புதிதாதலின் சிறிது விரித்துரைப்போம். மாளவ மேட்டுநிலத்தில் மேலே கரிசல் மண், கீழே கரும்பாறை. ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஆனி முதற் புரட்டாசி வரையுள்ள நான்கு திங்களிற் கொட்டித் தீர்ந்துவிடும். பெய்த நீர் மண்ணினூடு இறங்கி, சிதைந்த பாறையடுக்கிலும் அதன் வெடிப்புகளிலும் தங்கும். அதற்குக் கீழுள்ள கெட்டிப்பாறையிற் பெரும்பாலும் நீர் இராது. ஆதலால் ஐப்பசியிற் கைக்கெட்டும் அளவில் நிற்கும் கிணற்றுநீர், சித்திரையிற் பல ஆள் ஆழம் கீழிறங்கும். கயிறும் வாளியும் கொண்டு வரும் ஊராருக்கு அதனால் இடர் இல்லை. வெறுங்கையோடு வரும் வழிப்போக்கன் என் செய்வான்? படிக்கிணற்றில் நீர் எவ்வளவு இறங்கினும் படிகளும் உடன் இறங்கிச் செல்கின்றன. கயிறில்லாதவனும், குடம் மட்டுமே உடைய ஏழைப்பெண்ணும் நீரைத் தொடலாம். பக்கச் சுவர்களிற் கல்லை அடுக்கிக் கட்டுவதால், பாறை வெடிப்பிலிருந்து கசியும் நீர் உள்ளே வந்து சேரும். மண் சரிந்து விழாது. நிழல் மிக்க ஆழத்தில் நிற்பதனால் வெயில் உறிஞ்சுவதும் குறைவு. நம் பக்கத்து ஊருணி, மேலோடும் மழைநீரை வரத்துக்கால் வழியே பிடித்து நிறுத்துவது. படிக்கிணறு, நிலத்துள் இறங்கிய மழைநீரைத் தேடிச்சென்று எட்டுவது. முறை வேறாயினும் இரண்டும் வாழ்வது வானத்தையே நம்பி.

ஈண்டு ஒரு குறையையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. படியிறங்கி நீரிற் காலை வைக்கும் வழக்கத்தால் நரம்புச்சிலந்தி நோய் பரவிற்று. நோயுற்றவன் காற்புண் நீரிற் படும்போது புழுவின் குஞ்சுகள் நீரிற் கலக்கும். நீரிலுள்ள நுண்ணிய பூச்சிகள் அவற்றை உண்ணும். அந்நீரைப் பருகினவனுக்கு ஓராண்டு கழித்து நோய் தோன்றும். இதனைக் கண்ட பின்னாளைய சுகாதாரத் துறையினர் இருபதாம் நூற்றாண்டிற் படிக்கிணறுகள் பலவற்றை மூடினர். சிலவற்றை இறைகிணறுகளாக மாற்றினர். இந்தியாவில் இந்நோய் இறுதியாகக் காணப்பட்டது 1996-இல். நாடு நோயற்றதென 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எம் ஊருணியின் கரையில் முன்னோர் தனியே ஒரு கேணி எடுத்து, குடிநீரை அதிலேயே இறைக்கவேண்டும், ஊருணியிற் கால் நனைக்கலாகாது என்று கட்டுப்பாடு செய்திருந்தனர். அவர்கள் புழுவை அறிந்தார்களல்லர். கட்டுப்பாடு மட்டும் சரியாயிருந்தது.

அம்மையாரின் அறம் தம் நாட்டெல்லையோடு நிற்கவில்லை. காசியில் விசுவநாதர் கோயிலை எழுப்பினார். அப்பணி 1780-இல் நிறைவெய்திற்று. மணிகர்ணிகைத் துறையைச் செப்பனிட்டார். சோமநாதத்தில் 1783-இற் புதுக்கோயில் கட்டினார். இவை யாவரும் அறிந்தவை; கோயிற்பணிகளைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். யாம் பெரிதும் வியப்பது, கேதாரநாதம் செல்லும் மலைவழியில், ஆளரவமற்ற இடத்தில், அவர் கட்டுவித்த கற்சத்திரத்தையும் அதனருகே அமைந்த நீர்க்குண்டத்தையுமே. அங்கே அவரை வாழ்த்த எவருமில்லை. வாழ்த்துவோன் நாவறண்டு வரும் யாத்திரிகன் ஒருவனே. நம் இராமேசுவரத்திலும் அவர் பெயரால் அறச்சாலையும் கிணறும் ஏற்பட்டன. கங்கைநீரைத் தென்னாட்டுக் கோயில்களுக்குச் சுமந்து வருவதற்கும் ஆட்களை நியமித்தார். நாற்புறமும் உப்புநீர் சூழ்ந்த தீவில் ஒரு நன்னீர்க் கிணறு என்ன பெறும் என்பதை அத்தலத்துக்குச் சென்று வந்தார் அறிவர்.

கோடைக்காலத்தில் வழிநடைப் பாதைகளில் ஆட்களை நிறுத்தி, வருவோர்க்கெல்லாம் நீர் வார்க்கச் செய்தார். மகேசுவரத்தைச் சூழ்ந்த வயல்களில் உழவர் ஏர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் ஆட்கள் சென்று, ஏரை நிறுத்தச் சொல்லி, எருதுகளுக்குத் தண்ணீர் காட்டுவராம். மால்கம் இதனைக் குறித்துவைத்துள்ளார். எருதின் விடாயை நினைந்த அரசர் எத்தனை பேர் உளர்? பள்ளியில் இதனைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் முதலிற் சிரிப்பர்; வீட்டிற் காளை வளர்க்கும் பிள்ளை மட்டும் சிரிப்பதில்லை.

வழியிற் கிணறு இருந்தாற் போதாது, வழியும் அச்சமற்றதாயிருத்தல் வேண்டும். மலைக்கணவாய்களில் வாழ்ந்த பில்லர் வழிப்பறி செய்துவந்தனர். அம்மையார் முதலிற் கடுமை காட்டினார். பின்னர், வழிச்செல்வோரிடம் சிறு சுங்கம் வாங்கும் அவர்களுடைய பழைய உரிமையை ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாகப் பாதையைக் காக்கும் கடமையையும் தரிசை உழும் கடமையையும் அவர்மேற் சுமத்தினார். களவாடிய கையே காவற் கையாயிற்று.

பிறர் பொருளைத் தாம் ஏற்று அறஞ்செய்யவும் அவர் இசைந்தாரல்லர். கர்கோன் என்னும் ஊரில் வாழ்ந்த செல்வர் இருவர் மகப்பேறின்றி இறக்க, அவர்தம் மனைவியர் தம் செல்வத்தை அம்மையார் திருவடியில் வைத்தனர். மகவில்லாதார் சொத்தை அரசு கவர்ந்துகொள்வது அக்காலத்திற் பலவிடத்தும் இயல்பே. அம்மையார் அதனை வாங்க மறுத்து, அவர்தம் ஊருக்கே பயன்படுமாறு அவர்களே செலவிடுக என அறிவுறுத்தினார். அவ்வூர் ஆற்றங்கரையிற் படித்துறை ஒன்றும் கணபதி கோயிலும் எழுந்தன. ஊரார் பொருள் ஊரார் நீர்த்துறையாயிற்று. அரசி கையால் வந்திருந்தால் அஃது அரசியின் துறை. அவ்வூர்ப் பெண்டிர் கையால் வந்தமையின், அது பழுதுபட்டால் வருந்துவோர் அவ்வூரிலேயே இருந்தனர். பொதுப்பணியில் ஒவ்வொரு வீட்டின் பங்கும், சிறிதாயினும், இருத்தல் வேண்டும் என்று எம் முன்னோர் தலைக்கட்டு வரி பிரித்ததன் உட்கருத்தும் இதுவேயென எமக்குத் தோன்றுகின்றது.

அவரைக் குறைகூறுவோரும் உளர். துக்கோஜி வடநாட்டிற் படைக்குச் சம்பளம் கொடுக்க இயலாமற் பணம் கேட்டுக் கடிதம் விடுக்க, அம்மையார் அறத்துக்கு வாரி இறைத்தார் என்பது ஒரு குற்றச்சாட்டு. துக்கோஜியின் கணக்குகள் ஒழுங்காயிராமையின் அம்மையார் கையை இறுக்கினார் என்பது அதற்கு மறுமொழி. இருபக்கமும் சிறிது உண்மை உண்டு என்பதே எம் கருத்து. ஒன்று மட்டும் துணிந்து கூறலாம். அவர் ஆண்ட 28 ஆண்டுகளில் மாளவத்திலுள்ள அவர் நாட்டைப் பகைவர் படை பாழாக்கவில்லை. சிற்றூராயிருந்த இந்தூர் பெருநகராக வளர்ந்தது. அந்நாளைய மாளவத்தில் இது சிறு செய்தியன்று.

மற்றொரு குறை அவர்க்கு மட்டும் உரியதன்று; நம் அனைவர்க்கும் உரியது. அக்காலத்துப் பொதுக்கிணறு என்பது எல்லார்க்கும் பொதுவன்று. அம்மையார் மறைந்து 130 ஆண்டுகளுக்குமேற் கழிந்தபின், 1927-இல், அதே மராட்டிய நாட்டு மகாட் என்னும் ஊரில், பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகும் உரிமைக்காக அம்பேத்கர் பல்லாயிரவரை அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. எம் ஊருணியிலும் ஒரு பக்கத்துப் படிகள் சிலர்க்கு மறுக்கப்பட்டிருந்தமையை எம் பாட்டனார் சொல்லக் கேட்டுள்ளோம். அப்படிகளைத் தோண்டி மண் சுமந்தவருள் அச்சிலரும் இருந்தனர். சங்க ஏட்டில் இதனை எழுதுதல் சிலர்க்குக் கசக்கலாம், கசப்பினும் எழுதியாகவேண்டும்.

அம்மையாரின் இறுதியாண்டுகள் துயர் மிக்கவை. ஒரே மகள் முக்தாபாய். அவள் கணவர் யசுவந்த்ராவ் பான்சே. அவர்தம் மகன் இளமையிலேயே மாண்டான். 1791-இற் கணவரும் மறைய, மகள் தீப்புகத் துணிந்தாள். ஒருகாலத்தில் மாமனாரின் சொல்லுக்கு இணங்கித் தீயினின்று மீண்ட அம்மையார், அதே சொற்களைத் தம் மகளிடம் கூறி மன்றாடினார். மகள் இணங்கவில்லை. நருமதைக் கரையில் அத்தீயைத் தம் கண்ணாற் கண்டபின், மூன்றுநாள் உணவின்றி, ஒருவரோடும் பேசாதிருந்தார். பின்னர் எழுந்து மீண்டும் நாள்தோறும் குடிகளின் வழக்குகளைக் கேட்கத் தொடங்கினார். 1795-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் மகேசுவரத்தில் அவர் உயிர் நீத்தார். வயது எழுபது.

காஸ்கி வருவாய் அவரோடு மறையவில்லை. இந்தூர் அரசு இருந்தவரை அவர் செய்த அறங்களை அதுவே தாங்கிற்று. நாடு விடுதலையுற்று அவ்வரசு இந்தியாவோடு இணைந்தபின், 1962-இல் அவ்வறங்களுக்கென ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. அதன் சொத்துக்களுள் சில விற்கப்பட்டமை பற்றி வழக்கு எழுந்தது. 2022-இல் உச்சநீதிமன்றம் அவ்வறக்கட்டளை பொது அறக்கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டதே எனத் தீர்ப்பளித்தது. இந்தூர் நகரமோ 1978 முதல், மகேசுவரத்துக்கு அண்மையிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் குழாய்வழி ஏற்றப்படும் நருமதை நீரைப் பருகுகின்றது. குழாய்நீர் வந்தபின் பழைய பாவடிகளை நினைப்பார் குறைந்தனர். அந்நகரில் ஒரு பழைய பாவடியின்மேற் பலகை பாவித் தளமிட்டு, அது கிணறென்பதே மறந்துபோகும்படி, கோயிலின் பகுதியாக்கிவிட்டனர். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள், இராமநவமி வழிபாட்டுக்குக் கூடிய மக்களின் கீழே அத்தளம் இடிந்து வீழ்ந்தது. 36 உயிர்கள் மாண்டன. அப்பாவடியை வெட்டியவர் அம்மையாரல்லராயினும், அவர் வளர்த்த நகரில் இது நிகழ்ந்ததே என்று படித்தபோது எம் நெஞ்சு நடுங்கிற்று.

எம் ஊருணி மூடப்படவில்லை, வண்டல்தான் படிந்துள்ளது. வளைவுக்கு நன்கொடை அளித்த பெரியார் இருவரைச் சென்ற திங்கள் கண்டு, இவ்வம்மையார் வரலாற்றைச் சொன்னோம். ஒருவர் கேட்டுவிட்டுப் பேசாதிருந்தார். மற்றவர், ஆண்டுதோறும் தூர்வாருதற்கென்று தலைக்கட்டுக்கு இவ்வளவு என மீண்டும் பிரிப்பதானால் முதற் பங்கு தமது என்றார். வரத்துக்காலை அடைத்து நிற்கும் வேலிக்கருவைகளைத் தை பிறந்ததும் வெட்டுவதென முடிவாகியுள்ளது. வெட்டுக்கூலிக்கு இன்னும் பாதித்தொகையே சேர்ந்துள்ளது. வெளியூரில் வாழும் வீட்டார் பதினொருவரிடமிருந்து விடை வரவேண்டும்.